ஒரே விலையில் நான்கு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்: எதை எடுப்பது?

இரண்டாம்கியர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36. பத்து வருடமாக ஓட்டுவது ஒரு ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வேலைக்குப் போவது, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாம் அதில்தான். அது இருக்கும். அதோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கே எனக்கென்று ஓட்ட ஒரு கார் வேண்டும். இரண்டு கதவு, பின்சக்கர ஓட்டம், கையால் போடும் கியர். பள்ளி நோட்டில் கடைசிப் பக்கம் முழுக்க முகப்பு விளக்கு எழும்பி நிற்கும் கார்களாக வரைந்து திட்டு வாங்கியவன் நான். இருபது வருடம் கழித்து இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. கொஞ்சம்தான். ஒரு புதிய சின்ன ஹேட்ச்பேக்கின் விலையில் பாதிக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்க மாட்டேன்.

மூன்று மாதமாகத் தேடியதில் இந்தத் தொகைக்குள் நான்கு கார்கள் நிற்கின்றன. நான்கும் ஏறக்குறைய ஒரே விலை.

போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 2001 மாடல், 3.2 லிட்டர். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2005. மாஸ்டா எம்எக்ஸ்-5, 2003, 1.8 லிட்டர். டொயோட்டா 86, 2013. இது மட்டும் நிறைய மாற்றங்கள் செய்த கார். வண்டியின் உயரத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்கள், சைலன்சர் வேறு, ஈசியுவில், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில், டியூன் ஏற்றியிருக்கிறார்களாம்.

மனசு பாக்ஸ்டர் பக்கம்தான் சாய்கிறது. 250 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர், நடு எஞ்சின், அந்தப் பெயர். எம்எக்ஸ்-5இல் 140 சொச்சம்தான். இரண்டும் ஒரே விலை என்றால் யாராவது எம்எக்ஸ்-5 வாங்குவார்களா? இதில் எனக்குப் புரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. அது என்ன என்று சொல்லுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு தகவல்: உயரம் 185 செ.மீ. பைக்கில் ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது வரை சொந்தமாகச் செய்வேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை. மனைவி போட்ட ஒரே நிபந்தனை: "வண்டி ஜாக்கி மேல் மாதக்கணக்கில் நிற்கக் கூடாது."

கிரீஸ்கை:

உங்கள் மனைவி போட்ட நிபந்தனையில் பாதிப் பதில் இருக்கிறது தம்பி. மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் என் கதை. நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். புதிதாக வந்தபோது நான் கண்ணால் பார்க்கக்கூடத் தகுதியில்லாத ஒரு கூபே, பன்னிரண்டு வயதாகி என் பட்ஜெட்டுக்குள் இறங்கி வந்து நின்றது. பெயர் வேண்டாம், கார்மீது தப்பு எதுவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "உங்களுக்காகக் கழுவி ஒரு ரவுண்டு போய் வந்தேன்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்! மறுநாள் காலை என் வீட்டு வாசலில் செல்ஃப் அடித்ததும் நீலப்புகை. அப்புறம் ஐந்து விநாடி சங்கிலி உரசும் சத்தம். எஞ்சினைத் திறந்து சரிசெய்யக் கேட்ட தொகை, கார் வாங்கிய தொகையில் எழுபது சதவீதம். பதினொரு மாதம் வைத்திருந்தேன், அதில் ஏழு மாதம் அது நின்றே இருந்தது. விற்றபோது கைக்கு வந்ததை எழுத மனசு வரவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் ஒரே விலை? காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கின் விலை இறங்குவதில்லை. பாக்ஸ்டர் எஸ் புதிதாக விற்றபோது எந்த வருமானக்காரருக்காகச் செய்யப்பட்டதோ, அதன் உதிரிபாகங்கள் இன்றும் அதே வருமானக்காரருக்கான விலையில்தான் இருக்கின்றன. வேலைக்கூலியும் அப்படியே. எம்எக்ஸ்-5 பிறந்ததே கைக்கு எட்டும் காராகத்தான். 1989இல் முதல் தலைமுறை வந்தது, 2016இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் பெயரும் அதற்குத்தான். அத்தனை கார்கள் ஓடினால் உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும், கழற்றி மாட்டிய அனுபவம் உள்ள ஆளும் கிடைப்பார். நீங்களே கற்றுக்கொள்ளவும் முடியும்.

பாக்ஸ்டரைக் குறை சொல்லவில்லை. அந்த விலைக்கு அந்த ஸ்டியரிங் வேறு எதிலும் கிடைக்காது, முன்னால் ஒரு டிக்கி பின்னால் ஒரு டிக்கி என்று சாமான் வைக்கவும் இடமுண்டு. ஆனால் 1996 முதல் 2004 வரை வந்த அந்த முதல் தலைமுறையில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கு ஓட்டத்தைக் கடத்தும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் அது. தொடக்க வருடங்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன. 2000 வாக்கில் அதைச் சின்னதான ஒற்றை வரிசையாக மாற்றினார்கள். அதிகம் போவது இந்த ஒற்றை வரிசைதான். பெரும்பாலான கார்களில் போகாது, அது உண்மை. போனால் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும், எஞ்சினே முடிந்தது. உங்கள் 2001 அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

இதற்கு வழி இருக்கிறது. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது அந்தப் பேரிங்கையும் மேம்படுத்தப்பட்டதாக மாற்றிவிடலாம். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கிளட்ச் எப்போது மாற்றினீர்கள், அப்போது பேரிங்கும் மாறியதா, ரசீது இருக்கிறதா?" ரசீது இருந்தால் பேச்சைத் தொடரலாம். "அதெல்லாம் நெட்டில் கிளப்பிவிடுவது சார்" என்று சொன்னால், காரைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ரசீது இருந்தும்கூட, வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மொத்தப் பணத்தில் கால் பங்காவது முதல் வருடத்துக்கு எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எந்தக் காரும் வேண்டாம். பாக்ஸ்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. டயர், பிரேக், எல்லா ஆயிலும், கூலண்ட், ரப்பர் புஷ்கள், ஒரு பேட்டரி. இவை பழுது இல்லை, பழைய கார் வாங்கினால் செலுத்த வேண்டிய நுழைவுக் கட்டணம்.

86 நல்ல கார். உண்மையிலேயே நல்ல கார். 200 குதிரைத்திறன், ஆயிரத்து இருநூறு சொச்சம் கிலோ. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் போட்டிருந்தது பிரியஸ் காரில் வரும் வகை டயர், தெரியுமா? பிடிப்பு குறைவாக இருந்தால் மெதுவான வேகத்திலேயே விளையாடலாம் என்ற எண்ணம். இருப்பதிலேயே வயது குறைந்ததும் அதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தக் குறிப்பிட்ட கார் எனக்குப் பிடிக்கவில்லை. இறக்கியவர் யார், டியூன் ஏற்றியவர் யார், கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே? ஒரு கார் மலிவாகக் கிடைப்பதற்கு மாற்றங்களே காரணம் என்றால், அந்த மாற்றங்களைத் திரும்பச் சரிசெய்யும் செலவு உங்கள் தலையில். இன்னொன்று, 2012, 13இல் தயாரான பல கார்களை வால்வு ஸ்பிரிங் மாற்றுவதற்காக 2018இல் திரும்ப அழைத்தார்கள். அதற்கு எஞ்சினையே வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். செய்தார்களா, யார் செய்தார்கள், அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சேசிஸ் எண்ணை வைத்து விசாரியுங்கள். கை வைக்காத 86 ஒன்று உங்கள் விலைக்குள் வந்தால் என் பதில் மாறும்.

எம்எக்ஸ்-5க்கு எதிரி துரு. வேறெதுவும் பெரிதாக இல்லை. துணிக்கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டுக்குள் தேங்கும், உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே அப்பளம். பின்சக்கரத்துக்கு முன்னால், ரன்னிங் போர்டு முடியும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொப்புளம் இருந்தால், கண்ணுக்குத் தெரிவதுபோல் ஐந்து மடங்கு உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேசிஸ் பெட்டியும் துருப்பிடிக்கும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆயில் மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். கியர் லீவரின் அந்தச் சின்ன ஓட்டம் மட்டுமே போதும் காசுக்கு.

உங்கள் உயரம்தான் இடிக்கிறது. 185 என்றால் உட்கார்ந்து பார்க்காமல் பேசவே கூடாது. முதல் இரண்டு தலைமுறையில் ஸ்டியரிங்கை மேலே கீழே நகர்த்தவே முடியாது. மூன்றாவதில் மேலே கீழே மட்டும். முன்னும் பின்னும் இழுக்கும் வசதி வந்ததே 2019 மாடலில்தான். மெல்லிய அடி உள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கூரையை மூடி உட்காருங்கள். திறந்து வைத்துத்தான் காட்டுவார்கள்.

140 குதிரைத்திறன் போதுமா என்று கேட்டீர்கள். கார் ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நான் எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கலாம், யாருக்கும் பயமில்லை. பெரிய குதிரைத்திறன் காரில் அதைச் செய்யச் சாலையே கிடைக்காது.

ரோட்டரிபைத்தியம்:

ஆர்எக்ஸ்-8 பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே அண்ணே! சரி, நான் சொல்கிறேன். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது.

பிஸ்டன் கிடையாது. முக்கோணம் போன்ற இரண்டு சுழலிகள், சேர்ந்து 1.3 லிட்டர், 230 குதிரைத்திறன். 9000 ஆர்பிஎம் வரை அதிர்வே இல்லாமல் ஏறும், போதும் நிறுத்து என்று ஒரு பீப் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு வாரம் ஓட்டினால் கார் கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் வட்டாரத்து நம்பிக்கை. பாதி உண்மையும்கூட, மெதுவாகவே ஓட்டினால் கரி படியும். நான்கு பேர் உட்காரலாம், பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பிள்ளைகள் உள்ளவருக்கு உங்கள் பட்டியலில் இது ஒன்றுதான் சரிப்படும்.

இப்போது கெட்ட செய்தி. ஆயிலை அது குடிக்கும், குடிக்கத்தான் வேண்டும். சுழலியின் முனைகளில் உள்ள சீல்களுக்கு வழவழப்புக் கொடுக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே செலுத்துகிறது. ஒரு முறை விட்டு ஒரு முறை பெட்ரோல் போடும்போது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காதவர் இந்தக் காரைத் தொடக் கூடாது. பெட்ரோலும் 1.3 லிட்டர் எஞ்சின் குடிக்கும் அளவு இல்லை, மூன்று லிட்டர் எஞ்சின்போல. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரைப் பத்தடி நகர்த்தி நிறுத்தி, உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி அடுத்த முறை கிளம்பாது. வீட்டில் யாரும் "வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன்" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்ற சோதனை. சாதாரணக் கருவி ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. அப்புறம், நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தயங்கித் தயங்கி எடுத்தால் சீல் தேய்ந்துவிட்டது. மற்ற கார்களில் குளிர்ந்த எஞ்சினைப் பார்க்கச் சொல்வார்கள், இதில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் மனைவி போட்ட நிபந்தனையோடு இதை வாங்கச் சொல்ல எனக்கே மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம்கியர்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு கார் பார்த்தேன்.

86ஐ நேரில் பார்த்ததும் கிரீஸ்கை அண்ணா சொன்னது நினைவுக்கு வந்தது. பானெட்டில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. "ஒரிஜினல் ஸ்பிரிங் எல்லாம் எங்கே?" என்றேன். "முன்னாடி வைத்திருந்தவரிடம் இருக்கும்" என்றார். அவருக்கும் முன்னால் இரண்டு பேராம். ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், ஒரு பிழைக் குறியீடும் இல்லை. அது நல்ல அறிகுறிதானே? ஓட்டிப் பார்த்தபோது 4000 வரை கொஞ்சம் மந்தம், அப்புறம் சீறுகிறது. சின்னக் குழியில்கூட முதுகெலும்பு எண்ணப்பட்டது.

எம்எக்ஸ்-5இல் உட்கார முடிந்தது, ஆனால் முழங்கால் ஸ்டியரிங்கை உரசியது. கூரையை மூடினால் முடி துணியைத் தொடுகிறது. அதைவிட, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தொட்டபோது ஈரம். பின்மூலையில் புதிதாக ஒரு கறுப்புப் பூச்சு. விரலால் அழுத்த விடவில்லை, "பெயின்ட் இன்னும் காயவில்லை" என்றார்.

பாக்ஸ்டர்காரரிடம் போனில் ரசீது கேட்டேன். கிளட்ச் ரசீது இருக்கிறது, பேரிங்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இன்னும் மனசு விடவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு எடுத்து வைத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது என்பது கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

லிஃப்ட்அடியில்:

பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதே என் வேலை. உங்கள் கடைசிப் பதிவில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

குறியீடு இல்லை என்பது நல்ல அறிகுறி என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதே மாதிரி ஸ்கேனரை மாட்டி எல்லாவற்றையும் அழித்துவிடலாம். அழித்ததும் காரின் சுய பரிசோதனைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேனரில் ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். கேட்டலிடிக், ஆக்சிஜன் சென்சார் போன்றவை "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "நேற்றுதான் புது பேட்டரி போட்டேன்" என்று நூறில் எண்பது பேர் சொல்வார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பேட்டரியில் தேதி ஒட்டியிருக்கும். இன்னொன்று, 86இல் நீங்கள் சொல்லும் 4000 மந்தம் அந்த எஞ்சினின் பிறவிக் குணம், அதைக் குறையாக எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான பானெட்டைத்தான் குறையாக எடுக்க வேண்டும்.

நான் போனால் காரைத் தொடுவதற்கு முன் டயரைத்தான் பார்ப்பேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி, நான்கு வருடம் என்றால் ஆயிலையும் அப்படித்தான் மாற்றியிருப்பார் என்று எனக்குள் ஒரு மூலையில் எழுதிக்கொள்வேன். டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது இறக்கிவிட்டு அலைன்மென்ட் பார்க்கவில்லை.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சின்ன மீட்டரைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல் போனால் அடியில் பட்டி. மறுபெயின்ட் குற்றமில்லை. கேட்டதும் காரணம் சொன்னால் சரி. கேட்ட பிறகு முகம் மாறினால்தான் சிக்கல். மட்கார்டு போல்ட்டுகளின் தலையையும் பாருங்கள். ஸ்பேனர் பட்ட தடம் தெரியும்.

கிளட்ச்சுக்கு: மெதுவான வேகத்தில் நான்காவது கியரில் போட்டு முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. கியர்பாக்ஸுக்கு: குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர். உறுமிக்கொண்டு விழுந்தால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் அடி வாங்குவது அந்த இரண்டாவது கியர்தான், உங்கள் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அப்படியே. எண் எவ்வளவு பெரியது என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம்.

ஈரக் கம்பளம், காயாத கறுப்புப் பூச்சு. அந்த எம்எக்ஸ்-5ஐப் பற்றி வேறு ஒன்றும் நான் சொல்லத் தேவையில்லை.

உயரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அந்தத் தலைமுறை சீட்டின் அடிப்பஞ்சைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பார்கள், இரண்டு விரல் கடை இறங்கும். விட்டம் குறைந்த ஸ்டியரிங்கும் போடலாம், ஆனால் ஏர்பேக் போய்விடும். பிள்ளைகள் உள்ளவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். முதலில் பஞ்சை முயற்சி செய்யுங்கள்.

கிரீஸ்கை:

அக்கா சொன்ன பஞ்சு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் ரொட்டி அறுக்கும் கத்தியால் செதுக்கினேன். இன்றுவரை வீட்டில் அந்தக் கத்தி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம்கியர்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வாங்கிவிட்டேன்.

2002 எம்எக்ஸ்-5, 1.8. சிவப்பு, ஆனால் பானெட் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. படங்களில் அவ்வளவு அசிங்கமாக இருந்ததால் யாரும் போன்கூடச் செய்யவில்லையாம். விற்றவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பதினான்கு வருடம் வைத்திருந்தவர். நான் சொல்லாமலேயே "காலையில் வாங்க, எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கிறேன்" என்றார். அங்கேயே பாதி முடிவாகிவிட்டது. ஒரு பழைய பள்ளி நோட்டில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டரோடு பென்சிலில். நடுவில் ஒரு பக்கத்தில் "பேரன் வாந்தி, கம்பளம் கழுவியது" என்று ஒரு வரி. கம்பளம் காய்ந்திருந்தது, தொட்டுப் பார்த்துவிட்டேன்.

குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்தேன். புகை இல்லை, சில விநாடி டிக் டிக் சத்தம் மட்டும், பிறகு அடங்கிவிட்டது. நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஆனால் ஒன்பது வயது. மாற்றத்தான் வேண்டும், அதைச் சொல்லி விலை குறைத்தேன். லிஃப்டில் ஏற்றி முன்பக்கப் பெட்டியைப் பார்த்தோம். மேல்துரு, தேய்த்துப் பூசினால் போதும் என்றார்கள். வலது ரன்னிங் போர்டு மூலையில் பட்டாணி அளவு ஒரு கொப்புளம், அதை மறைக்காமல் அவரே காட்டினார். கம்ப்ரஷனில் நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள். பானெட்டில் பெயின்ட் மீட்டர் 90 காட்டியது, வெளுத்தாலும் அசல்.

வாங்கிய பிறகு பட்ஜெட்டில் முப்பது சதவீதம் மிச்சம். டயர், எல்லா ஆயில், பிரேக் ஆயில், பின்பக்க பிரேக் பேட் போக இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பஞ்சைச் செதுக்கியாயிற்று, முழங்கால் இப்போது உரசவில்லை. முதல் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். "ஜாக்கி மேல் நிற்காது என்றுதானே சொன்னாய், வீட்டிலும் நிற்காது போலிருக்கிறதே" என்றாள் மனைவி.

பாக்ஸ்டர் விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன், பார்ப்பதற்குச் செலவில்லை.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். கூரையின் வடிகால் துளையை எதை வைத்துச் சுத்தம் செய்வது? கம்பி விட்டால் உள்ளே ஏதாவது கிழியுமா?

கிரீஸ்கை:

வாழ்த்துகள் தம்பி. பானெட்டை உடனே பெயின்ட் அடிக்காதீர்கள், முதலில் நன்றாகப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பழைய சிவப்பு பாதிக்கு மேல் திரும்பி வரும்.

கம்பி கூடவே கூடாது. புல் வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நூல் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். முனையைத் தீயில் காட்டி மழுக்கிவிட்டு, முறுக்கி முறுக்கி மெதுவாக இறக்குங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும்.

இரண்டாம்கியர்:

இடது பக்கம் உடனே வந்துவிட்டது. வலது பக்கம் முதலில் வரவில்லை, அப்புறம் ஒரு கைப்பிடி மக்கிய இலை, அதன் பின்னால் ஒரு பென்சில்.